குளத்து நீரில் வளர்வது எவ்வளவு?

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கடலிலும் ஏரியிலும் வாழும் நுண்ணுயிர்கள் எவ்வளவு விரைவில் வளர்கின்றன என்பதை அளந்தறியும் முறைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத உயிர்களை அளப்பது ஆராய்ச்சிக்கூடத்து வேலையன்றோ, அதனால் நமக்கு ஆவது என்ன என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆகவே ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊருக்குச் சென்றிருந்தேன். ஊரின் பெயர் இங்கு வேண்டாம். அவ்வூர்ப் பொதுக் குளத்தின் மீன்பாசியைப் போட்டி ஏலத்தில் ஒருவர் எடுத்து, மீன் குஞ்சு விட்டு வளர்த்து வந்தார். மூன்று நாள் வானம் மூடிக் கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. நான்காம் நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால், கட்லாவும் ரோகுவும் வயிறு மேலாக மிதந்தன. ஏலத்தில் தோற்றவர்தாம் இரவோடு இரவாக விஷம் கலந்துவிட்டார் என்ற பேச்சு மதியத்துக்குள் ஊரெங்கும் பரவிவிட்டது. இரண்டு தெருக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பஞ்சாயத்தார் மூன்று முறை கூடி விசாரித்தும் முடிவு காண இயலவில்லை. நான் போய்ச் சேர்ந்தது எட்டாம் நாள். அதற்குள் மீன்களைப் புதைத்துவிட்டார்கள். நீரில் ஒரு புட்டி கூட எவரும் எடுத்து வைக்கவில்லை. குளத்தின் நிறம் ஒன்றே எஞ்சியிருந்த சாட்சி. பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் இருந்தது அது. கரையில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், “விரால் ஒன்றுகூடச் சாகவில்லை, ஐயா” என்று இருமுறை சொன்னார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்குளத்தில் அன்றிரவு நடந்தது என்ன என்பதை இன்றும் என்னால் உறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் விஷம் இல்லாமலே அவ்வாறு நிகழக்கூடும். அது நிகழப்போகிறது என்பதை முன்னதாகவே அளந்தறியவும் கூடும். எப்படி என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில், நீரில் இருப்பது என்ன? தெளிந்த ஏரி நீரிலோ கடலின் மேல்மட்ட நீரிலோ ஒரு மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ இருபது சொட்டு எடுத்தால், அதில் பத்து இலட்சம் அளவுக்குப் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றோடு, சூரிய ஒளியை உண்டு வாழும் நுண்பாசிகளும், இவையிரண்டையும் மேய்ந்து திரியும் ஓரணு உயிர்களும் இருக்கின்றன. நெடுங்காலம் விஞ்ஞானிகள் இவற்றை எண்ணியது எவ்வாறெனில், நீரை ஊட்டப்பசை பூசிய தட்டில் தெளித்து, முளைக்கும் புள்ளிகளைக் கணக்கிட்டனர். விதை முளைப்புத் திறன் பார்ப்பது போன்ற முறைதான். ஆனால் நீரிலுள்ள உயிர்களில் நூற்றுக்கு ஒன்று கூட அத்தட்டில் முளைப்பதில்லை என்பது பின்னரே தெரிந்தது. 1977ஆம் ஆண்டில் ஹாபி என்பவரும் உடன் உழைத்தோரும், நீரை மிக நுண்ணிய துளைகளுள்ள வடிதாளில் வடித்து, ஒளிரும் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் நேரே எண்ணும் முறையைத் திருத்தமாக வகுத்தார்கள். அதன் பிறகுதான் நீரில் வாழும் கூட்டம் இவ்வளவு பெரிதா என்று உலகம் வியந்தது.

எண்ணிக்கை கிடைத்துவிட்டது. ஆனால் வளர்ச்சி கிடைத்துவிட்டதா? இல்லை. இந்த இடத்தைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். ஒரு பெட்டிக்கடைக்காரரின் கல்லாப் பெட்டியைத் தினமும் மாலையில் திறந்து பார்க்கிறோம். நாள்தோறும் நூறு ரூபாய்தான் இருக்கிறது. அதைக்கொண்டு அவர் கடையில் வியாபாரமே நடக்கவில்லை என்று சொல்லலாமா? வந்த பணம் அன்றன்றே சரக்குக்குப் போயிருக்கலாம். நீரிலும் அதுவே நிலை. இன்று பத்து இலட்சம், நாளையும் பத்து இலட்சம்; எனினும் இடையில் அத்தனையும் இருமடங்காகப் பெருகி, பெருகியதில் பாதி மேயப்பட்டு மறைந்திருக்கலாம். இருப்பு வேறு, வரவு வேறு. நமக்கு வேண்டியது வரவு.

நுண்ணுயிரின் பெருக்கம் கூட்டுவட்டியைப் போன்றது. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. நாளொன்றுக்கு ஒரு முறை இரட்டிக்கும் உயிர் ஒன்று, தடையேதும் இல்லாவிடில், பத்து நாளில் 1,024 ஆகும். இருபது நாளில் 10,48,576 ஆகும். கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. ஒரு வாரத்துக்கு முன் தெளிவாயிருந்த ஊருணி திடீரென்று பச்சையாகிவிட்டது என்று நாம் சொல்கிறோமே, அது திடீரென்று ஆவதன்று. பல நாளாக இரட்டித்துக்கொண்டே வந்தது, கடைசி மூன்று இரட்டிப்பில்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இனி அளக்கும் முறைகளுக்கு வருவோம். முதன்மையானதும், நம் கைக்கு எட்டுவதும், வெள்ளைப் புட்டி கறுப்புப் புட்டி முறை. நார்வே நாட்டைச் சேர்ந்த கார்டர், கிரான் என்ற இருவர் ஆஸ்லோ கடற்கழியில் செய்த ஆராய்ச்சியை 1927இல் வெளியிட்டனர். ஒரே இடத்து நீரை மூன்று கண்ணாடிப் புட்டிகளில் பிடிக்க வேண்டும். ஒன்றில் உள்ள பிராணவாயுவை அப்பொழுதே அளந்துவிட வேண்டும். மற்ற இரண்டில் ஒன்றை அப்படியே விட்டு, இன்னொன்றை ஒளி புகாதபடி மூடி, இரண்டையும் எடுத்த ஆழத்திலேயே நீருக்குள் தொங்கவிட வேண்டும். சில மணி நேரம் கழித்து எடுத்து, பிராணவாயுவை மீண்டும் அளக்க வேண்டும்.

வெளிச்சம் படும் புட்டியில் பாசி பிராணவாயுவை வெளியிடும். அதே வேளையில் புட்டிக்குள் உள்ள அத்தனை உயிர்களும் மூச்சுவிட்டு அதைச் செலவழிக்கும். இருட்டுப் புட்டியில் வரவே இல்லை, செலவு மட்டும்தான். ஓர் எடுத்துக்காட்டு: தொடக்கத்தில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் இருந்தது; நான்கு மணி நேரத்துக்குப் பின் வெள்ளைப் புட்டியில் 10, கறுப்புப் புட்டியில் 5.5 என்று வைத்துக்கொள்வோம். செலவு 1.5. செலவு போக மிஞ்சியது 3. ஆகவே பாசியின் மொத்த வரவு 4.5. பஞ்சாயத்துக் கணக்குப் புத்தகத்தில் வரவு செலவு எழுதத் தெரிந்தவர் எவரும் இதைப் போட்டுவிடலாம்.

பிராணவாயுவை அளப்பதற்கு ஹங்கேரி நாட்டு ரசாயன அறிஞர் விங்க்ளர் 1888இலேயே வழி கண்டிருந்தார். மாங்கனீசு உப்பும் காரம் கலந்த அயோடைடும் சேர்த்தால் நீரிலுள்ள பிராணவாயு பழுப்பு வண்டலாகப் படியும். அமிலம் விட்டுக் கரைத்து, மாச்சத்தை அடையாளமாகக் கொண்டு, நீல நிறம் மறையும்வரை ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணிக்கொள்வது. மீன் வளர்ப்போருக்காக இன்று கடைகளில் விற்கும் சிறு பரிசோதனைப் பெட்டிகளில் பல இம்முறையைப் பின்பற்றியவையே.

இம்முறை பச்சைக் குளத்துக்குப் போதும். நீலக் கடலுக்குப் போதாது. நடுக்கடலில் பாசி மிகக் குறைவு. ஒரு நாள் முழுதும் தொங்கவிட்டாலும் இரண்டு புட்டிகளுக்கும் வேறுபாடு காண்பது அரிது. டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டீமன் நீல்சன், கலாத்தியா என்ற கப்பலில் உலகைச் சுற்றி வந்தபோது, இதற்கு வேறு வழி செய்தார். கதிர்வீசும் கரியணுவைச் சிறிதளவு புட்டியில் சேர்த்து, பாசி அதில் எவ்வளவை உடலில் ஏற்றுக்கொண்டது என்று கருவியால் எண்ணினார். 1952இல் அம்முறை வெளிவந்தது. அதைக்கொண்டு உலகக் கடல்களின் மொத்த விளைச்சலையும் மதிப்பிட்டார்கள். அம்மதிப்பு மிகக் குறைவு என்று பிறர் வாதிட்டனர்; வாதம் பல்லாண்டு நீண்டது. காரணங்களில் ஒன்று பின்னாளில் வெளிப்பட்டது. ஆராய்ச்சியாளர் பயன்படுத்திய புட்டிகளிலும் கருவிகளிலும் ஒட்டியிருந்த மிகச் சிறிதளவு உலோக மாசே பாசியின் வளர்ச்சியைக் கெடுத்து வந்திருக்கிறது! 1982இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதைக் காட்டியது. பால் திரிந்தால் முதலில் பாத்திரத்தைப் பார் என்று நம் வீட்டுப் பெண்மணிகள் சொல்வதைக் கடல் ஆராய்ச்சியாளர்கள் முப்பது ஆண்டு கழித்துக் கற்றுக்கொண்டார்கள். இன்றைய மதிப்பின்படி கடற்பாசிகள் ஆண்டுதோறும் 4,500 கோடி முதல் 5,000 கோடி டன் வரை கரியை உடற்பொருளாக மாற்றுகின்றன. நிலத்திலுள்ள காடும் கழனியும் சேர்ந்து செய்வதற்கு இது ஏறக்குறையச் சமம்.

பாக்டீரியாவுக்கு இம்முறை பயன்படாது. அது ஒளியை உண்பதன்று. பிற உயிர்களின் கழிவையும் கசிவையும் உண்பது. அதற்கு 1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பர்மன், ஆசாம் என்ற இருவர் நல்லதொரு வழி கண்டனர். ஓர் அணு இரண்டாகப் பிளக்குமுன் தன் மரபுப் பொருளைப் புதிதாக ஒரு படி எடுத்தாக வேண்டும். அப்பொருளுக்கு வேண்டிய கற்களுள் ஒன்று தைமிடின். ஒரு தெருவில் எத்தனை புது வீடு எழும்புகிறது என்று அறிய, அத்தெருவுக்குப் போகும் செங்கற்களில் சிலவற்றுக்குச் சுண்ணாம்பு அடையாளம் இட்டு அனுப்பி, மாலையில் எத்தனை அடையாளக் கல் சுவரில் ஏறியிருக்கிறது என்று எண்ணினால் போதுமல்லவா? அவர்கள் செய்தது அதுதான். சுண்ணாம்புக்குப் பதில் கதிர்வீச்சு. 1985இல் தைமிடினுக்குப் பதிலாக லூசின் என்ற புரதக் கல்லைப் பயன்படுத்தும் முறையும் வந்தது. இவற்றால் தெரிந்த செய்தி பெரிது. பாசி உண்டாக்கும் பொருளில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை பாக்டீரியாவின் வழியாகவே கைமாறுகிறது.

மேய்ச்சலைப் பிரித்தறியும் முறை ஒன்றுண்டு. அதன் எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. 1982இல் லாண்ட்ரி, ஹாசெட் என்ற இருவர் வெளியிட்டார்கள். ஏரி நீருடன், உயிர்களை அறவே வடித்து நீக்கிய அதே ஏரி நீரைப் பல விகிதங்களில் கலக்கிறார்கள். ஒரு புட்டியில் முழுவதும் இயல்பான நீர்; அடுத்ததில் முக்கால்; பிறகு பாதி, கால். பாசியணு ஒவ்வொன்றும் எந்தப் புட்டியிலும் தன் போக்கில் பிளந்து பெருகும். ஆனால் மேய்வோரும் பாசியும் ஒருவரையொருவர் சந்திப்பது நீர்த்த புட்டியில் அரிதாகிறது. பத்து ஏக்கரில் நான்கு ஆடு மேய்வதற்கும் ஓர் ஏக்கரில் நான்கு ஆடு மேய்வதற்கும் உள்ள வேறுபாடு. ஒரு நாள் கழித்துப் பார்த்தால், எவ்வளவுக்கெவ்வளவு நீர்த்ததோ அவ்வளவுக்கவ்வளவு பெருக்கம் மிகுந்து தோன்றும். அந்தப் போக்கைக் கோடாக வரைந்து நீட்டினால், மேய்வோரே இல்லாதபோது வளர்ச்சி எவ்வளவு என்பதும், மேய்ச்சலால் இழப்பு எவ்வளவு என்பதும் ஒன்றாகக் கிடைத்துவிடும்.

இத்தகைய அளவைகளால்தான், 1988இல் சிசோம் என்ற அம்மையாரும் கூட்டாளிகளும் அறிவித்த புரோக்ளோரோகாக்கஸ் என்னும் மிகச் சிறிய கடல் நுண்ணுயிர், வெப்பக் கடல்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு முறை இரட்டிக்கிறது என்றும், இரட்டித்தும் கடல் பச்சையாகாமல் இருப்பது மேய்ச்சலின் வேலையே என்றும் அறிந்தோம். ஆனால் இதில் எந்த முறையும் குற்றமற்றதன்று. புட்டிக்குள் அடைத்த உடனே நீர் குளத்து நீராக இருப்பதில்லை. காற்றும் அலையும் அங்கே இல்லை. நீண்ட நேரம் வைத்தால் பிழை பெருகும். அளவை என்பது தீர்ப்பன்று, சாட்சி.

அப்படியானால் பாசி சில நீர்நிலைகளில் மட்டும் கட்டுக்கு அடங்காமல் வளர்வது ஏன்? கனடா நாட்டில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய சிற்றேரிகளில், 226ஆம் எண் ஏரி இடை சிறுத்த உடுக்கை போன்றது. 1973இல் அந்த இடையில் திரை கட்டி ஏரியை இரண்டாக்கினார்கள். இரு பாதியிலும் கரிச்சத்தும் தழைச்சத்தும் இட்டார்கள். ஒரு பாதியில் மட்டும் மணிச்சத்தாகிய பாஸ்பரசையும் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பச்சையாயிற்று. மறுபாதி தெளிவாகவே நின்றது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம், நூறு பக்கக் கட்டுரையை விடத் தெளிவாகப் பேசியது. சோப்புத் தூளிலிருந்தும் நகரச் சாக்கடையிலிருந்தும் பாஸ்பரசைக் குறைக்க அந்நாடுகள் முனைந்தன. ஈரி என்னும் பேரேரி 1980களில் ஓரளவு தெளிந்தது.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. வயல்களிலிருந்து வடியும் பாஸ்பரஸ், மாமீ என்ற ஆற்றின் வழியாக அவ்வேரியின் மேற்குப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. பாசி மீண்டும் படர்ந்தது. 2014 ஆகஸ்டு 2ஆம் நாள், டொலீடோ நகரத்தில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு, குழாய் நீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். நீலப்பச்சைப் பாசி வெளியிட்ட மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு, சுத்திகரித்த நீரிலும் இருந்தது. தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அந்நீரைக் காய்ச்சுவதாலும் பயனில்லை. காய்ச்சினால் நீர் வற்றும், நஞ்சு செறியும். ஆகஸ்டு 4இல்தான் தடை நீங்கியது. அங்கே எவரும் இரவில் வந்து விஷம் கலக்கவில்லை. பலர் பல வயலில் இட்ட உரம், ஓர் ஆற்றில் கூடி, ஒரு பாசிக்கு உணவானது. இட்ட உரமும் போயிற்று, குடிநீரும் போயிற்று. டி.ஏ.பி.யும் சூப்பர் பாஸ்பேட்டும் இட்டு, மறுநாளே மடை திறந்து வடிப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் தங்கள் பணத்தைக் குளத்துக்கு அனுப்புகிறார்கள்.

மீன் குளத்தின் நியாயம் வேறு. அங்கே பாசி பகையன்று; மீனுக்குத் தீவனம். அதற்காகவே சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் இடுகிறோம். எவ்வளவு போதும், எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்பதே கேள்வி. இப்பொழுது அந்த மேகமூட்டத்து இரவுக்கு வருவோம். நன்கு பச்சை கட்டிய ஒரு குளத்தில் கறுப்புப் புட்டி, மணிக்கு லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் செலவு காட்டுகிறது என்று கொள்வோம். வெயில் அடித்த நாளில் மாலை ஆறு மணிக்குப் பிராணவாயு 12 இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர இரவில் 7.2 செலவாகும், விடியும்போது 4.8 மிஞ்சும், மீன் பிழைக்கும். வானம் மூடிய நாளில் பாசியின் வரவு குறைந்து, மாலையில் 6தான் இருக்கிறது. செலவோ இரவெல்லாம் அதே 0.6. பத்து மணி நேரத்தில், அதாவது விடியற்காலை நான்கு மணிக்குக் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. மேற்பரப்பின் வழியே காற்றிலிருந்து சிறிது வந்து சேரும் என்பது உண்மை. அடிச்சேற்றின் செலவு அதை விழுங்கிவிடும். பிராணவாயு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போதே கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாய் திறந்து தவிக்கும். பெரிய மீன் முதலில் சாகும். விராலோ வாயால் வெளிக்காற்றை நேரே உறிஞ்ச வல்லது, அது சாகாது. விஷம் கலந்திருந்தால் அது விராலைத் தேடித் தேடி விட்டுவைத்திராது. அந்த முதியவர் சொன்னதன் பொருள் இதுவே. அவரை எவரேனும் அன்றே கேட்டிருந்தால், இரண்டு தெருவும் பேசிக்கொண்டிருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு வேண்டிய கருவி பெரிதன்று. இத்தாலி நாட்டில் பாதிரியாரும் வான நூலறிஞருமான செக்கி என்பவர், 1865இல் மத்தியதரைக் கடலில் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டை இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். நீங்களும் அதையே செய்யலாம். ஒரு சாண் அகலத்தில், அதாவது 20 சென்டிமீட்டர் அளவில் தகரத் தட்டு ஒன்றை வெட்டி வெள்ளை பூசி, நடுவில் கயிறு கோத்து, அடியில் கல் கட்டுங்கள். கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. உச்சிவேளையை ஒட்டி நிழலில்லாத இடத்தில் இறக்கி, தட்டு மறையும் ஆழத்தைத் தேதியுடன் குறித்து வையுங்கள். மீன் குளத்தில் 30 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருப்பது பொதுவாக நன்று. வாரத்துக்கு வாரம் குறைந்து 20க்குக் கீழே வந்தால், சாணமும் உரமும் இடுவதை நிறுத்துங்கள். மழைக்குப் பிறகு சேற்றுக் கலங்கலிலும் தட்டு மறையும். ஆகவே நீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு நிறத்தையும் பார்க்க வேண்டும்.

தட்டின் ஆழம் குறையும் குளங்களில் மட்டும் புட்டிச் சோதனை செய்தால் போதும். புட்டியை நீருக்குள் அமிழ்த்தி, காற்றுக் குமிழி தங்காமல் நிரப்பி மூடுங்கள். காலை பத்து மணி முதல் இரண்டு மணி வரை, மூங்கில் கழியில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் தொங்கவிடுங்கள். வானம் மூடியிருக்கும் நாளில் மாலை ஆறு மணிக்கும் குளத்தின் பிராணவாயுவை ஒரு முறை அளந்து, கறுப்புப் புட்டியின் மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். விடை பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அன்றிரவே பம்புசெட்டை வைத்து, குளத்து நீரையே இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி குளத்துக்குள் விட வேண்டும். மீன் செத்தே போனால், புதைக்குமுன் இரண்டு புட்டி நீரையும் சில மீன்களையும் பனிக்கட்டியில் எடுத்து வையுங்கள். எந்தெந்த மீன் செத்தது, எது பிழைத்தது என்று நால்வர் முன்னிலையில் எழுதி வையுங்கள்.

வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. தட்டும் கயிறும், கறுப்புத் துணி சுற்றிய புட்டியும் அதோ மேசையடியில் வைத்திருக்கிறேன். தலைவர் இசைந்தால் ஐயங்களைக் குளக்கரையிலேயே கேட்கலாம். முதல் அளவை உங்கள் கையாலேயே எடுத்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுவோம்.